ஆறாம் வினாவும் இரண்டு குடைகளும்

முள்ளியவளை
03.06.2025

மதிப்புக்குரிய வீரையா சேர்,

வணக்கம். இத்துடன் தரம் பத்துத் தமிழ் இலக்கிய வினாத்தாளும் அதற்கான புள்ளித்திட்டமும் இருக்கின்றன. சென்ற தவணை வினாத்தாள் பரீட்சைக்கு முதல்நாளே வட்ஸ்அப்பில் ஊர் சுற்றியதால், இந்தமுறை வினாத்தாள் தயாரிப்பவரும் சரிபார்ப்பவரும் போனில் ஒரு சொல்லும் பேசக்கூடாது என்று வலயக் கல்விப் பணிமனையில் சொல்லிவிட்டார்கள். விடைத்தாள் திருத்தி முடியும்வரை எல்லாம் ஒட்டிய உறையில்தான். அதனால் முப்பத்திரண்டு வயதில் முதல்தடவையாக ஒருவருக்குக் கடிதம் எழுதுகிறேன். பஸ் கொண்டக்டர் குகதாசன் அண்ணையிடம் கொடுத்துவிடுகிறேன். புதுக்குடியிருப்பில் உங்கள் பக்கம் வரும் பஸ்ஸுக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

முதல் ஐந்து வினாக்களும் வழக்கமானவை. அவற்றைப் பார்த்து நீங்கள் கொட்டாவி விட்டாலும் கோபிக்கமாட்டேன். ஆறாம் வினாவை மட்டும் கதிரையில் நிமிர்ந்திருந்து வாசியுங்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு பாடலைக் கொடுத்து நயம் எழுதச் சொல்லும் அந்தப் பதினைந்து புள்ளி வினாதான் என் தலையிடி. என் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். சென்ற தவணை இருபத்திமூன்று பேர் அந்தப் பக்கத்தை வெள்ளையாகவே விட்டார்கள். அதில் நிரோஜா என்ற பிள்ளை '6' என்று அழகாக எழுதி, கீழே அடிமட்டத்தால் கோடும் போட்டு, அதற்குக் கீழே ஒன்றுமே எழுதவில்லை. அந்தக் கோடு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆகவே இந்தமுறை 'ரெண்டு குடை' பாட்டைக் கொடுத்திருக்கிறேன். வவுனியாப் பொடியன் கிருசாந்தன் பாடியது. கலியாண வீட்டிலும், பாட்டுப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் பாண் விற்க வரும் பாண்காரரின் ஆட்டோவிலும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். பாடியவரின் பெயரை எடுத்துவிட்டு நான்கு வரியை மட்டும் தருகிறேன்.

மதகடியில நிண்டனான், மழை முழுக்க நிண்டனான்
குடை ரெண்டு கொண்டுவந்தன், ஒண்டும் விரிக்கேல்லை
பஸ் வந்து போகுது, பாத்துப் பாத்து நிக்கிறன்
நனைஞ்ச முகம் தெரியட்டுமெண்டு நானும் ஒதுங்கேல்லை

யார் யாருக்குச் சொல்வது? இரண்டு குடை ஏன்? ஒன்றையும் விரிக்காதது ஏன்? இவ்வளவுதான் வினா. எல்லோருக்கும் பாடத் தெரிந்த பாட்டு, ஒருவரும் உட்கார்ந்து வாசித்திராத பாட்டு. அச்சுக்குக் கொடுக்கும் கடைசி நாள் இருபதாம் திகதி. உங்கள் கையொப்பம் இல்லாவிட்டால் போன வருட வினாவையே திரும்பப் போடுவார்கள். நிரோஜாவும் திரும்பக் கோடு போடுவாள்.

இப்படிக்கு,
கௌசலா

—

உடையார்கட்டு
06.06.2025

கௌசலா ரீச்சருக்கு,

வணக்கம். உறை ஒட்டு உடையாமல் கிடைத்தது. முதல் ஐந்து வினாக்களும் நன்று. மூன்றாம் வினாவில் புள்ளிகளைக் கூட்டினால் பதினொன்று வருகிறது, பத்தாக்கவும்.

ஆறாம் வினாவை நீக்கிவிடவும்.

காரணம் கேட்பீர்கள். நீங்கள் என்னை வலயக் கூட்டங்களில் கண்டிருப்பீர்கள், அதிகம் பேசியிருக்கமாட்டோம். என் தகப்பனார் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்தவர். நான் பிறந்தது விசுவமடுவுக்குப் பின்னால் ஒரு காட்டுக் கொட்டிலில். ஒன்பதாம் வகுப்பில் நான் அகப்பாடல் ஒன்றுக்குப் பொருள் சொல்ல எழும்பியபோது, எங்கள் தமிழ் வாத்தியார் சிரித்துக்கொண்டு, “உங்கட ஆக்களுக்கு இலக்கியம் என்னத்துக்கு, படப்பாட்டுப் போதும். ஒண்டு பாடு பாப்பம்” என்றார். வகுப்பு முழுக்கக் கைதட்டியது. நான் பாடினேன். மாட்டேன் என்று சொல்ல அன்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு இலக்கியத்தை வெறியோடு படித்தேன். பிடித்ததால் படித்தேனா, அவரைத் தோற்கடிக்கப் படித்தேனா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் பட்டணத்துப் பிள்ளைக்குப் பழம்பாடலும் எங்கள் பிள்ளைக்குச் சினிமாமெட்டும் என்று பங்கு பிரிக்கும் வேலைக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டேன்.

அத்துடன் அந்தப் பாடல் அவ்வளவு நல்ல பாடலும் அல்ல. அந்த மாதிரி மதகில் பஸ் தானாக நிற்பதில்லை, கை காட்டவேண்டும். அதைக்கூட எழுதியவர் எழுதவில்லை.

இப்படிக்கு,
சு. வீரையா

—

முள்ளியவளை
09.06.2025

மதிப்புக்குரிய சேர்,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் உங்கள்மேல் கோபம் வந்தது. இரண்டாம் தரம் அந்த வாத்தியார்மேல் வந்தது. அவர் உங்களைப் பாடச் சொன்னார், பாட்டைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே. நான் பாடச் சொல்லவில்லை. கேள்வி கேட்கிறேன்.

நான் செய்ததைச் சொல்கிறேன், பிறகு திட்டுங்கள். பாடப்புத்தகத்தில் அகப்பாடலின் தலையில் 'தலைவி தோழிக்குச் சொன்னது' என்று ஒரு வரி இருக்குமே, அதை என் பிள்ளைகள் விலைச்சீட்டு மாதிரித் தாண்டிப் போய்விடுவார்கள். சென்ற மாதம் ஒருநாள் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, அவர்கள் எந்நேரமும் முணுமுணுக்கும் ஒரு பாட்டைக் கரும்பலகையில் எழுதினேன். 'ரெண்டு குடை' அல்ல, வேறு. எடுக்காத போனுக்குத் திரும்பத் திரும்ப அழைப்பு எடுக்கும் ஒருவரைப் பற்றியது. இதன் தலையில் ஒரு வரி எழுதுங்கள், யார் யாருக்குச் சொன்னது என்றேன்.

சுஜிதன் எழும்பி, காதலன் காதலிக்கு என்றான். இதிலென்ன கேள்வி என்ற முகம் அவனுக்கு. பின்வாங்கிலிருந்து ஒருத்தி, “இல்லை ரீச்சர், அது குவைத்தில இருந்து அம்மா எடுக்கிறா. மகள் கோவத்தில எடுக்கிறாளில்லை” என்றாள். அவளின் தாய் ஆறு வருடமாகக் குவைத்தில். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். ஒருவனுக்கு டோகாவிலுள்ள அண்ணன் வந்தான், இன்னொருத்திக்குக் கடன் வாங்கிவிட்டு ஒளித்துத் திரியும் மாமா வந்தார், கடைசியில் ஒருவன் காணாமல்போன தன் மாட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். மாட்டிடம் போன் ஏது என்று நான் கேட்கவேண்டி வந்தது. அப்போது நிரோஜாவும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆனால் வகுப்பு கைமீறிப் போய்விட்டது. நான் கரும்பலகையில் பெரிதாக, 'பாடலில் இல்லாததை எழுதாதீர்கள்' என்று எழுதி அடக்கினேன். அவள் கொப்பியை மூடிவிட்டாள்.

அடுத்த நாள் பழைய அகப்பாடலுக்குத் திரும்பினோம். முதல்தடவையாக ஒரு பிள்ளை என்னிடம், “தலைவி இதை ஏன் தலைவனிட்டையே சொல்லேல்லை?” என்று கேட்டது. பத்து வருடப் படிப்பித்தலில் எனக்கு யாரும் கேட்காத கேள்வி. பங்கு பிரிப்பதல்ல சேர் இது. ஒரு படலையால் போய் மற்ற வளவுக்குள் இறங்குவது.

பாடல் நல்லதில்லை என்கிறீர்கள். நான் சும்மா விடமாட்டேன். நீங்களே ஆறாம் வினாவுக்கு விடை எழுதி அனுப்புங்கள், நான் புள்ளித்திட்டப்படி திருத்துகிறேன். எழுத ஒன்றுமில்லாத பாடல் என்று நிரூபித்தால் வினாவை நானே எடுத்துவிடுகிறேன்.

இன்னொன்று, எந்த மதகைச் சொல்கிறீர்கள்? பாடலில் மதகுக்கு ஊர்ப்பெயர் இல்லையே.

கௌசலா

—

உடையார்கட்டு
12.06.2025

கௌசலா ரீச்சருக்கு,

வினாத்தாளைச் சரிபார்ப்பவர் எல்லா வினாவுக்கும் விடை எழுதிப் பார்க்கவேண்டும் என்பது விதி. விதிக்காக எழுதுகிறேன், உங்கள் சவாலுக்காக அல்ல. மதகு என்றால் எல்லா மதகும் ஒன்றுதான்.

விடை 6: இது ஓர் ஆண் தான் விரும்பும் பெண்ணிடம் சொல்வது. அவள் பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவன் இரண்டு குடை கொண்டுவந்ததற்குக் காரணம், இருவரும் ஒரு குடைக்குள் நடந்தால் ஊர் பேசும். அவர்கள் வேறு வேறு ஆட்கள். அவளுடைய வீட்டார் வயலும் வாய்க்காலும் உள்ளவர்கள், அவனுடைய வீட்டார் அந்த வயலில் கூலிக்கு நின்றவர்கள். அவளோடு நடக்க ஆசைப்படுகிறான், அவளுக்குப் பேச்சு வரக்கூடாது என்றும் நினைக்கிறான். ஆகவே ஆளுக்கொரு குடை. தன் குடையையும் விரிக்காததற்குக் காரணம், குடை முகத்தை மறைக்கும். பஸ் யன்னலால் பார்க்கும்போது அவன்தான் நிற்கிறான் என்று அவளுக்குத் தெரியவேண்டும். தெரிந்தும் இறங்காமல் போனால், அதுவும் அவனுக்குத் தெரியவேண்டும். மொழி பேச்சுமொழி. அலங்காரம் இல்லை.

வீரையா

—

முள்ளியவளை
16.06.2025

மதிப்புக்குரிய சேர்,

திருத்திய விடைத்தாள் இத்துடன். பதினைந்துக்கு ஏழு.

சிவப்புப் பேனையைப் பார்த்துத் திடுக்கிடவேண்டாம், பிள்ளைகளுக்கு எப்படியோ உங்களுக்கும் அப்படியே. யார் யாருக்கு என்பதற்கு மூன்றுக்கு மூன்று. மொழிக்கு மூன்றுக்கு இரண்டு. விரிக்காத குடைக்கு நீங்கள் எழுதியது அழகு. யன்னலால் பார்க்கும் அந்த முகத்தை நானே யோசித்திருக்கவில்லை, ஆனால் அதற்கு இரண்டு புள்ளிக்குமேல் திட்டத்தில் இடமில்லை. இரண்டு குடைக்கு ஒன்றும் தரமுடியவில்லை. 'எந்த ஊர்? எந்த ஆட்கள்? எந்த வயல்? பாடலில் இல்லை' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறேன். திட்டத்தில் நான் போட்டிருப்பது, அவள் நனையாமல் வரவேண்டும் என்ற அக்கறை இரண்டாவது குடை, அவள் இல்லாமல் தான் மட்டும் நனையாமல் நிற்க மனமில்லாதது விரிக்காத குடை. அது நான்கு வரிக்குள்ளேயே கிடக்கிறது.

கடைசியில், 'கற்பனை வளம் உண்டு. பாடலை இன்னொருமுறை கவனமாக வாசிக்கவும்' என்றும் எழுதிவிட்டேன். பழக்கதோஷம், மன்னிக்கவும்.

ஆனால் சேர், எழுத ஒன்றுமில்லை என்று சொன்னவர் ஒரு பக்கத்தை நிரப்பியிருக்கிறீர்கள். பந்தயத்தில் நான் வென்றேன்.

கௌசலா

—

உடையார்கட்டு
18.06.2025

கௌசலா ரீச்சருக்கு,

ஏழு புள்ளி கிடைத்தது. பாடலை இன்னொருமுறை வாசித்தேன்.

வினாத்தாளில் கையொப்பமிட்டு அனுப்பியிருக்கிறேன். நீங்கள் சொன்னதை முழுக்க ஏற்றுக்கொண்டதாக நினைக்கவேண்டாம். இந்த வினாவில் என்னைவிடக் கூடுதலாகப் புள்ளி எடுக்கும் பிள்ளை இந்த வலயத்தில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்போல் இருக்கிறது. அதற்காக மட்டும்.

வீரையா

—

முள்ளியவளை
18.07.2025

மதிப்புக்குரிய சேர்,

உங்களுக்கு இதற்குள் காதில் விழுந்திருக்கும். விழுந்தது பாதியாக இருக்கும், மீதியை நான் சொல்கிறேன்.

பரீட்சை நடந்த மண்டபத்துக்கு வெளியே விறாந்தையில் நின்றேன். முதல் அரை மணித்தியாலம் பேனைச் சத்தம் மட்டும். பிறகு ஒருவன் ஆறாம் வினாவுக்கு வந்திருக்கவேண்டும். மேசையில் விரலால் தட்டினான். பக்கத்தில் ஒருத்தி வாயைத் திறக்காமல் முனகினாள். ஐந்து நிமிடத்தில் மண்டபம் முழுக்க வாய்மூடிக்கொண்டு 'ரெண்டு குடை' பாடியது. ஒருவரும் பாடுகிறோம் என்று நினைக்கவில்லை, அதுதான் வேடிக்கை. குனிந்து எழுதிக்கொண்டே முனகினார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மேற்பார்வைக்கு வந்தவர் மேசையில் அடித்து, “இது சோதினையோ சடங்கு வீடோ?” என்று கேட்டார். அன்றைக்கே முறைப்பாடு போனது.

நேற்று வலயத்திலிருந்து எனக்கு வந்த கடிதத்தின் சாரம் இதுதான். பாடலாசிரியர் யாரென்று தெரியாத, அனுமதி பெறாத ஒரு பாடலைப் பரீட்சையில் சேர்த்தது பிழை. ஓகஸ்ட் முதலாம் திகதிக்குள் பாடலாசிரியரின் பெயரையும் அவர் கைப்பட எழுதிய சம்மதக் கடிதத்தையும் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் ஆறாம் வினா முழு வலயத்துக்கும் இரத்து, அந்த விடைகள் திருத்தப்படமாட்டா. என்னை வினாத்தாள் குழுவிலிருந்து எடுப்பார்களாம், எடுக்கட்டும். ஆனால் சேர், விடைத்தாள்களைக் கட்டும்போது பார்த்தேன், முப்பத்தொரு பேரில் இருபத்தொன்பது பேர் எழுதியிருக்கிறார்கள். முதல்முறையாக நிரோஜாவின் கோட்டுக்குக் கீழே எழுத்து இருக்கிறது. அதைத் திருத்தாமல் கட்டி மூலையில் போட்டால், அடுத்த தவணை அவளை எழுது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

யூரியூபில் 'வரிகள்: மதகடியான்' என்று மட்டும் இருக்கிறது. கிருசாந்தனுக்குப் போன் எடுத்தேன். எழுதியவர் பெயரைச் சொல்வதில்லை என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தாராம். வன்னியில் பாட்டு எழுதுகிற ஆட்களை உங்களுக்குத் தெரியுமா? தமிழ்த்தினப் போட்டிகளுக்கு நடுவராக வவுனியாவரை போகிறவர் நீங்கள். யாரையாவது விசாரித்துச் சொல்லுங்கள். எங்கள் பாடசாலை விடைத்தாள்கள் திருத்துவதற்கு உங்களிடம்தான் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். முடிவு தெரியும்வரை ஆறாம் வினாவைக் கிழித்துவிடாமல் வையுங்கள்.

கௌசலா

—

உடையார்கட்டு
22.07.2025

கௌசலா ரீச்சருக்கு,

விசாரிக்கத் தேவையில்லை. மதகடியான் நான்தான்.

சம்மதக் கடிதம் என் சொந்தப் பெயரில், என் கையெழுத்தில் இத்துடன் இருக்கிறது. பிரதி ஒன்றை வலயத்துக்கு நேரே கொடுத்துவிட்டேன். சரிபார்ப்பவர் தன் பாடலுக்குத் தானே கையொப்பமிட்டது பிழை, அந்தப் பிழை என்னுடையது, உங்களுக்கு அதில் பங்கில்லை என்றும் எழுதியிருக்கிறேன். என்னைக் குழுவிலிருந்து விலக்குவார்கள். நியாயம்தான்.

நான்கு வரியும் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தியவை. நான் புது நியமனத்தில் முத்தையன்கட்டுப் பக்கம் படிப்பித்த காலம். அங்கே ஒரு மதகு. பஸ்ஸுக்குக் கை காட்டவேண்டும், சொன்னேனே. கொப்பியில் கிடந்ததைப் போன வருடம்தான் கிருசாந்தனுக்குக் கொடுத்தேன். வவுனியாவில் போட்டி முடிந்து தேநீர் குடிக்கும்போது, நல்ல வரி ஒன்றும் கிடைக்கவில்லை என்று அந்தப் பொடியன் புலம்பினான். பெயரைச் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினேன். பாட்டுப் பாடு என்று சிரித்த வகுப்பு திரும்ப வந்துவிடும் என்ற பயம் ஒன்று. அந்தப் பெண்ணின் தகப்பன் இன்றும் இருக்கிறார், என் முகத்தைத் தினமும் பார்ப்பவர் என்பது மற்றது. நான் வரிகளைக் கொடுத்தபோது நாலுபேர் கேட்பார்கள் என்றுதான் நினைத்தேன். பாண்காரர் கொண்டுவந்து வாசலில் போடுவார் என்று யார் கண்டது.

நீங்கள் ஏழு போட்ட அன்று எனக்கு நல்ல கோபம். என் பாடலுக்கு நான் விடை எழுதி ஏழு. பிறகு யோசித்தேன், நீங்கள் சொன்னது சரி. ஆட்களும் வயலும் என் மனதில் இருந்தன, வரியில் இல்லை. முக்கியமானதைப் பயத்தில் நான் வெளியே விட்டுவிட்ட பாடல் அது என்று முடிவு கட்டினேன்.

நேற்று உங்கள் பாடசாலைக் கட்டைப் பிரித்தேன். ஆறாம் வினாவுக்கு நான் புள்ளி போடக்கூடாது, வாசிக்கலாம்தானே. உங்கள் திட்டப்படி அக்கறை என்று எழுதியவர்கள் பன்னிரண்டு பேர். ஒருவன், சுஜிதனாகத்தான் இருக்கும், இரண்டாவது குடை இரவல் குடை, நனைத்தால் திருப்பிக் கொடுக்கும்போது ஏச்சு விழும், அதனால்தான் விரிக்கவில்லை என்று எழுதியிருக்கிறான். தனியே இருந்து சிரித்தேன். அப்படியே சுட்டெண் பதினேழுக்கு வந்தேன். '6' என்று எழுதி, அடிமட்டத்தால் கோடு போட்டிருந்தது. அதற்குக் கீழே உள்ளதை அப்படியே எழுதுகிறேன்.

'இரண்டு குடை கொண்டுவந்தது, அவர்கள் ஒரு குடைக்குள் போகமுடியாத ஆட்கள் என்றபடியால். ஏன் போகமுடியாது என்று பாடலில் இல்லை. பாடலில் இல்லாததை எழுதக்கூடாது என்று ரீச்சர் சொன்னவ. ஆனால் இந்தப் பாடலில் அவன் எங்களுக்குச் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்கிறான். அவளுக்கு அது ஏற்கனவே தெரியும். தெரிந்தவளுக்கு அதை ஏன் சொல்லவேண்டும்? அதனால்தான் அது பாடலில் இல்லை.'

ரீச்சர், நான் பயத்தில் விட்டேன் என்று நினைத்த இடத்தை, அது இருக்கவேண்டிய இடம் என்று ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை எனக்குச் சொல்லித் தந்திருக்கிறது. வாசித்துவிட்டு எழும்பிப் போய் முகம் கழுவினேன்.

உங்கள் புள்ளித்திட்டப்படி இரண்டு குடைப் பகுதியில் இந்த விடைக்கு ஒன்றும் கிடைக்காது. என்னால் ஒன்றும் செய்யமுடியாது. திட்டம் உங்களுடையது.

வீரையா

—

முள்ளியவளை
25.07.2025

மதிப்புக்குரிய வீரையா சேர்,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கசக்கிவிட்டேன்.

எழுதியவரிடமே போய், பாடலை இன்னொருமுறை கவனமாக வாசிக்கவும் என்று எழுதியவள் நான். அதை நினைக்கும்போதெல்லாம் காது சுடுகிறது. ஆனால் வெட்கம் அதில் இல்லை, வேறொன்றில். எங்கள் குடும்பமும் அந்தப் பெண்ணின் வீட்டாரைப்போல வயலுள்ள குடும்பம், யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக்குக் கீழே காணி எடுத்து வந்தது. எங்கள் வயலில் அரிவு வெட்ட வருகிறவர்களை அப்பா ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “அவங்கட ஆக்கள் வந்திட்டாங்களோ?” என்றுதான் கேட்பார். அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவள் நான். நீங்கள் 'வேறு வேறு ஆட்கள்' என்று எழுத, சிவப்புப் பேனையால் 'எந்த ஆட்கள்?' என்று கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரியாமல் இல்லை சேர். தெரியவேண்டிய தேவை வரவில்லை. நிரோஜாவுக்கு வந்திருக்கிறது. அவளுடைய வீட்டாரும் உங்கள் தகப்பனாரைப்போல மலைநாட்டிலிருந்து வந்தவர்கள்தான். அன்று வகுப்பில் அவள் வாயெடுத்தபோது நான் கரும்பலகையில் எழுதி மூடியது எதை என்று இப்போது விளங்குகிறது. அது என் நெஞ்சைக் குடைகிறது.

வலயத்துக்குப் போனேன். உங்கள் கடிதம் மேசைக்கு மேசை போய்வந்தது. வினா நிற்கிறது. இரத்து இல்லை. உங்களை இந்த வருடத்துக்குக் குழுவிலிருந்து விலக்குகிறார்கள், என்னை எச்சரிக்கையோடு விடுகிறார்கள். உங்கள் இடத்துக்கு வரும் விமலேஸ்வரி ரீச்சர் ஆறாம் வினாவைத் திருத்துவா.

புள்ளித்திட்டத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். 'பாடலில் இல்லாத ஒன்றை எழுதி, அது ஏன் பாடலில் இல்லை என்பதையும் காட்டினால் முழுப் புள்ளி வழங்குக.' விமலேஸ்வரி ரீச்சர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, “இது ஆருக்காகப் போட்டது எண்டு எனக்கு விளங்குது, ஆனாலும் சரிதான்” என்றா. கரும்பலகையிலும் எழுதினேன், பழைய வரியைத் திரும்ப எழுதி அதற்கு நேர் கீழே. நிரோஜா பார்த்துக்கொண்டே இருந்தாள். எழும்பவில்லை, சிரிக்கவில்லை. கொப்பியைத் திறந்து அதை எழுதிக்கொண்டாள்.

உங்கள் விடைத்தாளையும் புதுத் திட்டப்படி திரும்பத் திருத்தினேன். ஏழுதான் சேர். இல்லாததை எழுதினீர்கள், ஏன் இல்லை என்று காட்டவில்லை. அவள் காட்டினாள். உங்களைவிடக் கூடுதலாகப் புள்ளி எடுக்கும் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டீர்களே, இருக்கிறது.

வகுப்பில் உண்மையைச் சொல்லிவிட்டேன், பாட்டை எழுதியவர் இன்ன இடத்தில் படிப்பிக்கும் ஒரு தமிழ் வாத்தியார் என்று. இனி மறைக்க ஒன்றுமில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். முப்பத்தொரு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். எனக்கும் அதுதான் கேள்வி, எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதுகிறேன். அவா வந்தாவா?

கௌசலா

—

உடையார்கட்டு
30.07.2025

கௌசலா ரீச்சருக்கு,

ஏழு சரி. ஏற்றுக்கொள்கிறேன். சுட்டெண் பதினேழுக்கு நான் சொல்லும் வாழ்த்தை ஒருவருக்கும் கேட்காமல் தனியே சொல்லிவிடுங்கள். வகுப்பில் எழுப்பி வைத்துச் சொல்லவேண்டாம். கைதட்டினால் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

பெயரைப் போட்டு எழுதுவதற்கு முதல் வீட்டில் கேட்டேன். என் மனைவி வினோஜா அடுப்படியில் நின்றபடியே, “பேரைப் போடுங்கோ. மதகில நிண்டது நீங்கள், பாட்டு எழுதினது நீங்கள். நான் வந்ததையே ஒளிக்கேல்லை, நீங்கள் நிண்டதை ஏன் ஒளிக்கிறியள்?” என்றாள். இதில் உங்கள் கேள்விக்குப் பாதி விடை வந்துவிட்டது.

மாமனார் யோகலிங்கம் இப்போது எங்களோடுதான் இருக்கிறார். கலியாணம் முடித்து ஐந்து வருடம் என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவர். பேரப்பிள்ளை நடக்கத் தொடங்கியபிறகு வந்தார், அன்றிலிருந்து போகவில்லை. பாட்டு யாருடையது என்று ஊரில் யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். என் கைத்தொலைபேசியை வாங்கிக் காதில் வைத்து முழுப்பாட்டையும் கேட்டார். நான் அறைக்குள் கொப்பி திருத்துவதுபோல் பாவனை பண்ணிக்கொண்டிருந்தேன், ஒரு சொல்லும் கண்ணில் ஏறவில்லை. கேட்டு முடித்து அறை வாசலுக்கு வந்தார். பிறகு, “அந்த மதகில பஸ் நிக்காதே” என்றார்.

“கை காட்டினா நிக்கும் மாமா” என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார். அவ்வளவுதான். அதற்குமேல் நானும் எதிர்பார்க்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் பன்னிரண்டு வருடத்தில் அந்த மதகைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியது அன்றுதான்.

இனி மீதி விடை. நான் பார்த்துக்கொண்டு நின்ற பஸ்ஸில் அவள் வரவில்லை. பாடல் அங்கே முடிகிறது. அடுத்த பஸ் அரை மணித்தியாலம் கழித்து வந்தது. நான் கை காட்டவில்லை, நம்பிக்கை போயிருந்தது. என்னைத் தாண்டிப் போய்க் கொஞ்சத் தூரத்தில் நின்றது. உள்ளேயிருந்து அவள்தான் மணியடித்திருக்கிறாள். அதற்குள் மழை விட்டுவிட்டது, வெயிலும் வந்துவிட்டது. அவளிடம் ஒரு குடையை நீட்டினேன். வாங்கி விரித்தாள். மற்றக் குடையை நான் விரிக்கப் போக, வேண்டாம் என்று என் கையைப் பிடித்துவிட்டு, தன் குடையை எனக்கும் சேர்த்துப் பிடித்தாள். மழை இல்லாத தெருவில், ஒரு குடைக்குள், அவளுடைய வீட்டு வாசலைத் தாண்டி இருவரும் நடந்தோம். ஊர் முழுக்க வெளியே வந்து பார்த்தது.

இது பாடலில் இல்லை. புள்ளி தரவேண்டாம்.

வீரையா